"புக்கைத் தொறந்தாவே தண்ணி தவிக்குதுங்கறான்": வாசிக்க, எழுதப் பழகும் பிள்ளைகள் பற்றிக் கேள்வி பதில்

கொங்குப் பக்கத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவை. பதில் சொல்பவர், ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கே பெரும்பாலும் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை.

பல்லடத்திலிருந்து ஓர் அம்மா: ஏனுங்க டீச்சர், பையன் ரெண்டாவது போறான். புக்கைத் தொறந்தாப் போதும், தண்ணி தவிக்குதுங்கறான், ஒண்ணுக்கு வருதுங்கறான். படிப்புல ஆர்வமே இல்லீங்க.

ஆர்வம் இல்லைன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. அதே பாடத்தை நீங்க கதையாச் சொல்லிப் பாருங்க. வாயைப் பொளந்துட்டுக் கேட்டான்னா, அவனுக்குக் கதை பிடிக்குது, எழுத்துதான் எங்கயோ முட்டுது.

முட்டற இடம் எனக்குத் தெரிஞ்சு பெரும்பாலும் ரெண்டு. படம், மரம், பட்டம் எல்லாம் சரளமாப் படிப்பான், உகர வரிசை வந்ததும் நின்னுடுவான். கா, மா-வுக்கெல்லாம் பக்கத்துல ஒரு கால் போட்டா முடிஞ்சுது. உ-வுக்கு அப்படியில்லை. கு, சு, து, மு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விதமா வளையுது. அடுத்தது கொம்பு. 'பெ'ன்னு எழுதறப்ப கொம்பு முன்னாடி நிக்குது, சொல்றப்ப 'ப்'தான் முதல்ல வருது. 'பொ'ன்னா ரெண்டு பக்கமும் ஏதோ நிக்குது. நமக்குப் பழகிப்போச்சு, ஏழு வயசுக்கு அது புதிர். அந்த இடத்துல யாரும் கூட நிக்காம பாடம் ஓடிடுச்சுன்னா தண்ணி தவிக்கத்தான் செய்யும்.

247 எழுத்தையும் ஒப்பிக்க வைக்காதீங்க. இந்த வாரம் உகரம் மட்டும். பருப்பு, உப்பு, மிளகு, கடுகுன்னு எழுதி அடுப்படி டப்பாவுல ஒட்டுங்க. சமைக்கறப்ப "கடுகை எடுடா சாமி"ன்னு கேளுங்க. அவன் படிச்சுத்தான் எடுக்கணும், மூடியைத் தொறந்து பார்க்கக் கூடாது. பத்து நிமிசம் போதும்.

கோபியிலிருந்து: மகள் மூணாவது. பார்த்து முத்து முத்தா எழுதறா. எழுதினதைப் படிக்கச் சொன்னா முழிக்கறா.

அவ எழுதலீங்க, வரையறா. நோட்டு அழகா இருக்கறதால வீட்லயும் பள்ளிக்கூடத்துலயும் யாருக்கும் தெரியாமப் போயிடுது, எனக்கு ரொம்பக் கவலை தர்ற பிள்ளைங்க இவங்கதான். பத்துத் தடவை பார்த்து எழுதற வேலையை நிறுத்துங்க. அவளே வாயால ஒரு வாக்கியம் சொல்லட்டும், "எங்க ஆடு குட்டி போட்டுது" மாதிரி. அதை அவளே எழுதட்டும். 'ஆடு'க்கு 'அடு'ன்னு எழுதினாலும் உடனே அழிக்காதீங்க. "அடுன்னு இருக்குதே கண்ணு, நீ என்ன சொன்னே?"ன்னு கேளுங்க, அவளே 'ஆ'வைத் தேடுவா. தான் சொன்னது தாள்ல வந்து உக்கார்றதைப் பார்க்கற பிள்ளைக்கு அடுத்த வாக்கியத்துக்கு நீங்க கெஞ்ச வேண்டியதில்லை.

காங்கேயத்திலிருந்து: எங்க அப்பா பேரனுக்கு ஒரு பக்கம் படிச்சா பத்து ரூபா குடுக்கறாருங்க. சரியா?

அப்புச்சி ஆசையாக் குடுக்கறதைத் தடுக்கற தைரியம் எனக்கில்லை! ஆனா ஒரு சங்கதி சொல்றேன். 1973-ல அமெரிக்காவுல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேர் ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. படம் வரையறதுல ஏற்கெனவே பிரியமா இருந்த சின்னப் பிள்ளைங்கள்ல ஒரு கூட்டத்துக்கு, 'வரைஞ்சாப் பரிசு'ன்னு முன்கூட்டியே சொல்லிக் குடுத்தாங்க. இன்னொரு கூட்டத்துக்குச் சொல்லாம, வரைஞ்ச பொறகு குடுத்தாங்க. மூணாவதுக்கு ஒண்ணுமில்லை. கொஞ்ச நாள் கழிச்சு இஷ்டத்துக்கு விளையாட விட்டப்ப, பரிசுக்காக வரைஞ்சவங்க மத்தவங்களைவிடப் பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. சொல்லாமக் குடுத்ததுல அந்தக் கெடுதல் இல்லை. அதனால அப்புச்சி பேரம் பேசாம எப்பவாவது குடுக்கட்டும். அதைவிட, "எனக்குக் கண்ணு தெரியலை, இந்தப் பேப்பரைப் படிச்சுச் சொல்லு"ன்னு கேக்கட்டும்.

பவானியிலிருந்து: நாங்க ஜமக்காளத் தறி ஓட்டறவங்க. எனக்கும் வூட்டுக்காரருக்கும் படிக்கத் தெரியாது. எங்க பொண்ணுக்கு நாங்க எப்படிச் சொல்லித் தர்றது?

சொல்லித் தர்றது வாத்தியார் வேலைங்க. உங்க வேலை, அதுக்கு வீட்ல ஒரு தேவை இருக்குதுன்னு காட்டறது. பஸ் ஸ்டாண்டுல போர்டை அவளைப் படிக்கச் சொல்லுங்க, ரேஷன் கடையில வாங்க வேண்டியதை எழுதச் சொல்லுங்க, பால் ஊத்தறவங்களா இருந்தா சொசைட்டி அட்டையில லிட்டரை அவ பார்க்கட்டும். "நாங்கதான் படிக்கலை, நீயாவது படி"ன்னு தினமும் சொல்லாதீங்க, அது பிள்ளை தலைமேல பாரம். பள்ளிக்கூடத்துல அரசோட வாசிப்பு இயக்கப் புத்தகம், அதான் பிள்ளைங்க தானாப் படிக்கறதுக்கான சின்னக் கதைப் புத்தகம், இருக்குதான்னு கேளுங்க. நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியாப் பிரிச்சிருப்பாங்க. வகுப்பைப் பார்க்காம, அவளால தடுமாறாமப் படிக்க முடியற படியிலிருந்து எடுங்க. அஞ்சாவது படிக்கறவ 'நுழை' படிச்சா வெக்கமில்லை.

திருப்பூர் ஆசிரியர் ஒருவர்: என் வகுப்பில் ஒடிசா, பிகார் பிள்ளைகள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் வேலை மாறினால் ஊரையும் மாற்றிவிடுவார்கள். தமிழ் கற்க ஊக்கம் எப்படி வரும்?

2006-ஆம் வருசச் சட்டப்படி இங்க தமிழ் கட்டாயப் பாடம், ஆனா சட்டத்தால ஊக்கம் வராதுங்க. பேச்சுதான் முதல்ல. பேசாத மொழியோட எழுத்து அவனுக்கு வெறும் கோடு. விளையாட்டுல, காலைச் சிற்றுண்டி வரிசையில நம்ம பசங்களோட சேர்த்து விடுங்க. அவன் பேரையும் கூட்டாளி பேரையும் தமிழ்ல எழுதறதுல ஆரம்பிங்க.

பொள்ளாச்சியிலிருந்து: பிள்ளை படிக்கறது இங்கிலீஷ் மீடியம். ரெண்டு மொழியும் தடுமாறுது.

வீட்ல பேசற மொழியில வாசிப்பு ஓடட்டும். ஒரு மொழியில வாசிக்கப் பிடிபட்டா இன்னொண்ணுக்குப் பாதி வேலை மிச்சம்.

தாராபுரத்திலிருந்து: எல்லாம் பண்ணியாச்சு. மூணாவது முடியப் போகுது, இன்னும் எழுத்துக் கூட்டறான். மக்குன்னு சொல்றாங்க.

அந்தச் சொல்லை வீட்ல யாரும் பேசக் கூடாது, அதுக்கு முதல்ல தடை போடுங்க. அப்புறம் கண்ணு, காது ரெண்டையும் டாக்டர்கிட்டக் காட்டுங்க. போர்டு தெரியாம, 'ப'வும் 'ம'வும் காதுல பிரியாம வருசக்கணக்கா உக்கார்ந்திருக்கற பிள்ளைங்க உண்டு. அது நல்லா இருந்தா, டிஸ்லெக்ஸியாவான்னு, அதாவது எழுத்தைப் படிக்கறதுல மட்டும் வர்ற சிரமமான்னு, பார்க்கச் சொல்லிக் கேளுங்க. அது அறிவுக் குறைவு இல்லை, அதுக்குத் தனியாப் பயிற்சி முறை இருக்குது, பொதுத்தேர்வுல சலுகையும் உண்டு. அரசு மருத்துவமனையில விசாரிங்க. லீவு வரட்டும்னு தள்ளிப் போடாதீங்க.