பத்தால் பெருக்க முடியாதவை

வணக்கம்.

வீட்டில் நன்றாகச் சமைப்பவன் என்று பெயர் எடுத்தவன் நான். திடீரென்று பத்துப் பேர் வந்தாலும் பதறாமல் சமைத்துவிடுவேன். அந்தத் தைரியத்தில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து சிறிய உணவகம் ஒன்றை ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. ஒரு வேளைக்கு எண்பதிலிருந்து நூறு பேர் வருகிறார்கள். வீட்டுக் குறிப்புகளையே பத்து மடங்காக்கிச் செய்கிறோம், ஆனால் அந்த ருசி வருவதில்லை. வெங்காயம் சிவக்காமல் வெந்து குழைகிறது. கிரேவி நீர்த்துப்போகிறது. ஒருநாள் உப்புக் கரிக்கிறது, மறுநாள் சப்பென்று இருக்கிறது. கூட்டம் ஏறும் நேரத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறோம், நான் கத்துகிறேன். போன வாரம் உதவிக்கு இருந்த பையன் சொல்லாமல் நின்றுவிட்டான். கத்தாமல் பெரிய சமையலறையில் வேலை நடக்காது என்கிறார் நண்பர். நீங்கள் பல வருடம் சமையலறைகளில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். சமையலிலும் சமையலறையை நடத்துவதிலும் அடிப்படை என்று எவற்றைச் சொல்வீர்கள்?

கே.

அன்புள்ள கே,

ஐந்து மாதத்தில் வேளைக்கு நூறு பேரை வரவைத்திருக்கிறீர்கள். அது சின்ன விஷயம் இல்லை. உங்கள் கைப்பக்குவத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குறிப்பைப் பத்தால் பெருக்கினீர்கள், அங்கேதான் சிக்கல். காய்கறியைப் பத்தால் பெருக்கலாம். அடுப்பின் தீ, பாத்திரத்தின் வாயகலம், உங்கள் இரண்டு கண்கள், இவையெல்லாம் கூடவே பெருகுவதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் ஒவ்வொன்றும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

வெங்காயத்திலிருந்தே தொடங்குகிறேன். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 5 கிலோ வெங்காயத்தைப் பாத்திரத்தில் கொட்டினால் நாலரை லிட்டர் தண்ணீரைக் கொட்டியதற்குச் சமம். தண்ணீர் தேங்கி நிற்கும்வரை அந்தப் பாத்திரத்துக்குள் சூடு 100 டிகிரி செல்சியஸைச் சுற்றியே இருக்கும், எவ்வளவு தீ வைத்தாலும் சரி. பொன்னிறமும் வறுபட்ட மணமும் வேகமாகப் பிடிப்பதோ ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்டிய பிறகு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆகும் வெப்பத்தைப்போல ஆறு மடங்குக்கும் அதிகமான வெப்பம் அதை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. உங்கள் அடுப்பு வீட்டு அடுப்பைவிட இரண்டு மூன்று மடங்கு பலமாக இருக்கலாம். பத்து மடங்கு பலம் கிடையாது. அதனால் வெங்காயம் தான் விட்ட தண்ணீரிலேயே கிடந்து வெந்துவிடுகிறது.

உணவு சிவப்பதற்கு அடிப்படையான வேதிவினையை 1912இல் எழுதியவர் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றுசேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களாக மாறுகின்றன. ரொட்டியின் மேற்புறம், வறுத்த இறைச்சி, வறுத்த காப்பிக்கொட்டை எல்லாவற்றுக்கும் அந்த மணம் இந்த வினையால்தான் பெரிதும் வருகிறது. இதற்கு முதல் எதிரி ஈரம். ஆகவே அகலமான பாத்திரம், சூடேறிய எண்ணெய், ஒரு தடவைக்குக் கொஞ்சமாக. 5 கிலோவை நாலைந்து பாகமாகப் பிரித்து வதக்குங்கள். நேரம் அதிகமாகும் என்று தோன்றும். ஒரேயடியாகக் கொட்டிவிட்டுத் தண்ணீர் வற்றக் காத்திருப்பதைவிட இது பெரும்பாலும் சீக்கிரமே முடியும். இறைச்சியானால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, மேலே இருக்கும் ஈரத்தைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்த பிறகு போடுங்கள். போட்டதும் கிளறக் கூடாது. அடி சிவந்தால் தானாகவே பாத்திரத்தை விட்டு விலகிவரும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இறைச்சியை முதலில் சிவக்க வறுத்தால் சாறு உள்ளே பூட்டிக்கொள்ளும் என்பார்கள். அப்படி எதுவும் பூட்டிக்கொள்வதில்லை. வறுக்கும்போது கேட்கும் அந்தச் ‘சொய்ங்’ சத்தமே சாறு வெளியேறி ஆவியாகும் சத்தம்தான். வறுப்பது மணத்துக்காக. சாறு நிற்பது உள்ளே எத்தனை டிகிரிவரை போகவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மென்மையான துண்டைச் சீக்கிரம் இறக்க வேண்டும். உழைத்த தசையில் இழைகளைச் சேர்த்துக் கட்டிவைக்கும் இணைப்புத்திசு அதிகம், அது கரைந்து வழவழப்பாக மணிக்கணக்கில் மெல்லிய சூடு வேண்டும். தளதளவென்று கொதித்தாலும் மெதுவாகக் கொதித்தாலும் தண்ணீர் அதே 100 டிகிரிதான். பெரிய கொதி இறைச்சியைப் பிய்த்துப்போடும், எரிபொருளைத் தின்னும், வேறு லாபம் இல்லை.

கிரேவி நீர்த்துப்போவதும் இதே கணக்குதான். பாத்திரத்தின் அளவுகள் எல்லாவற்றையும் இரண்டு மடங்காக்கினால் உள்ளே பிடிக்கும் அளவு எட்டு மடங்காகிறது. ஆவி வெளியேறும் மேற்பரப்போ நான்கு மடங்குதான். வீட்டுக் குறிப்பில் ஊற்றும் தண்ணீரில் ஒரு நல்ல பங்கு வற்றிப்போகும் என்ற கணக்கு, யாரும் எழுதாமலேயே அடங்கியிருக்கிறது. பெரிய பாத்திரத்தில் அந்த அளவுக்கு வற்றாது. அதனால் தண்ணீரைப் பத்து மடங்கு ஊற்றாதீர்கள். ஏழு மடங்கில் ஆரம்பித்து, போதாவிட்டால் சேருங்கள். சேர்த்த தண்ணீரின் அளவை அன்றே எழுதிவையுங்கள். நான்கைந்து தடவை இப்படி எழுதினால் உங்கள் பாத்திரத்துக்கும் உங்கள் அடுப்புக்குமான குறிப்பு கிடைத்துவிடும்.

உப்புக்குக் கரண்டி அளவை விட்டுவிட்டு ஒரு நல்ல தராசு வாங்குங்கள். ஒரே கரண்டியில் தூள் உப்பும் கல் உப்பும் ஒரே எடை நிற்காது. ஒருநாள் ஒன்றும் மறுநாள் மற்றொன்றும் போட்டிருந்தால் உங்கள் ‘ஒருநாள் கரிக்கிறது, மறுநாள் சப்பென்று இருக்கிறது’ என்ற வரிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். பெரும்பாலான சமைத்த உணவுகளில் உப்பு மொத்த எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டியே வரும். ஒரு கிலோவுக்கு 10 கிராம் என்று வைத்துக்கொண்டு, அதில் முக்கால் பங்கைச் சமைக்கும்போது போடுங்கள். மீதியை வற்றவேண்டியது வற்றி முடிந்த பிறகு, ருசி பார்த்துப் போடுங்கள். வற்றும்போது தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயேதான் இருக்கும். அப்புறம், பரிமாறும் சூட்டில் வைத்து ருசி பாருங்கள். ஆறிய நிலையில் இனிப்பு குறைவாகத் தெரியும். உருகிய ஐஸ்கிரீம் தித்திப்பதும் அதனால்தான். உப்பு சரியாக இருந்தும் ஏதோ குறைகிறது என்று பட்டால் இன்னொரு சிட்டிகை உப்பை நோக்கிக் கை போவதற்கு முன் கொஞ்சம் புளிப்பு சேர்த்துப் பாருங்கள். பத்துக்கு ஆறு தடவை அதுதான் குறைந்திருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சமையலறையில் 40 லிட்டர் எலும்புச்சாற்றை இரவு அடுப்பை அணைத்து, மூடிவைத்துவிட்டுப் போனோம். காலையில் மூடியைத் திறந்தால் நுரைத்துப் புளித்திருந்தது. நடுவில் கைவைத்தால் அப்போதும் வெதுவெதுப்பு இருந்தது. பெரிய பாத்திரம் மெதுவாகத்தான் சூடேறும், அதைவிட மெதுவாகத்தான் ஆறும். கெட்டியான உணவானால் ஆழம் இரண்டு மடங்கானால் ஆற ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். 60 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் நடுவே உணவு கிடக்கும் நேரம் முழுவதும் பாக்டீரியாக்களுக்குச் சாதகமானது. வசதியான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒரு பாக்டீரியா ஏழு மணி நேரத்தில் இருபது லட்சமாகிவிடும். மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பேசிலஸ் சீரியஸ் போன்ற பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியிலும் பிழைத்துக்கொள்ளும். ஆறும் நேரத்தில் முளைத்துப் பெருகி அவை விடும் ஒரு நச்சு கொதித்தாலும் அழியாது. சமைத்த அரிசியில் இது அடிக்கடி நடக்கிறது.

ஆகவே மிஞ்சியதை அகலமான தட்டங்களில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மிகாமல் பரப்புங்கள். சாறாக இருந்தால் பாத்திரத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக் கிளறுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் வந்துவிட வேண்டும். பச்சை இறைச்சிக்கு ஃப்ரிட்ஜில் எப்போதும் கீழ்த்தட்டுதான், அதன் சொட்டு எதன் மேலும் விழக் கூடாது. கோழியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும். இதையெல்லாம் கையை வைத்து ஊகிக்க முடியாது, குத்திப்பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். 1960களில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தபோது நாசாவும் பில்ஸ்பரி என்ற உணவு நிறுவனமும் ஒரு முடிவுக்கு வந்தன. முடிந்த பொட்டலத்தைச் சோதித்துக்கொண்டிருந்தால் சோதனைக்கே பாதி உணவு போய்விடும், அதனால் தவறு நடக்கக்கூடிய ஒவ்வொரு படியிலும் காவல் வைப்பது என்று. இன்று உலகம் முழுக்க உணவுப் பாதுகாப்பு விதிகள் அந்த யோசனையின் மேல்தான் நிற்கின்றன.

இப்போது ஓட்டத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒரு வாணலியைப் பார்த்துக்கொள்ள உங்கள் இரண்டு கண்கள் போதும். பத்து அடுப்பு எரியும்போது போதாது. பார்க்கும் வேலையைக் கூட்டம் வருவதற்கு முன்பே முடித்துவிடுவதுதான் வழி. பிரெஞ்சு சமையலறைகளில் இதை ‘மீஸான் ப்ளாஸ்’ என்பார்கள். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்தல் என்று பொருள். நறுக்கியது நறுக்கியபடி, அளந்தது அளந்தபடி, கரண்டி முதல் துடைக்கும் துணி வரை கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஒரே அளவாக நறுக்கினால்தான் ஒரே நேரத்தில் வேகும். டப்பா ஒவ்வொன்றிலும் என்ன, என்று செய்தது என்று ஒட்டுங்கள். முதலில் வந்தது முன்னால், புதிது பின்னால். உங்கள் மேடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள்: கண்ணை மூடிக்கொண்டு உப்பை எடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் இன்னும் அடுக்கவில்லை என்று அர்த்தம். பரிமாற ஆரம்பித்த பிறகு யாராவது எதையாவது நறுக்கினால், அது காலையில் விட்டுப்போன வேலை. மறுநாள் காலைப் பட்டியலில் அதை ஏற்றிவிடுங்கள்.

ஆளுக்கொரு பக்கம் ஓடுவதற்கும் மருந்து பழையதுதான். எஸ்காஃபியே என்ற பிரெஞ்சு சமையல் மேதை 1890இல் லண்டன் சவாய் ஹோட்டல் சமையலறையை ஏற்றுக்கொண்டார். இளவயதில் ராணுவத்தில் சமைத்தவர். சமையலறையைப் பிரிவுகளாகப் பிரித்து, வறுவலுக்கு ஒருவர், சாஸுக்கு ஒருவர், காய்க்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுத்தார். ஒரு தட்டு பல கைகளில் ஒரே நேரத்தில் உருவானது, காத்திருக்கும் நேரம் குறைந்தது. உங்களிடம் நான்கு பேர் இருந்தாலும் இது பொருந்தும். யார் எந்த அடுப்பு என்பது காலையிலேயே முடிவாக வேண்டும். ஆர்டர் சீட்டை ஒருவர் மட்டும் வாங்கி உரக்கப் படிக்க வேண்டும், உரியவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சூடான பாத்திரத்தோடு ஒருவர் பின்னால் போகும்போது ‘பின்னால் சூடு’ என்று சொல்லியே போக வேண்டும்.

செலவைப் பற்றி ஒரே வார்த்தை. 10 கிலோ வாங்கி, தோலும் நுனியும் போக 8 கிலோ தேறினால் நீங்கள் கொடுத்த உண்மையான விலை கடைக்காரர் சொன்னதைவிடக் கால் பங்கு அதிகம். விலைப்பட்டியலை அந்தக் கணக்கில் போடுங்கள். போடும்போது விற்காத இரண்டு மூன்று அயிட்டங்களை எடுத்துவிடுங்கள், காலை வேலையும் குறையும்.

கடைசியாக, கத்துவது. உங்கள் நண்பரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த எஸ்காஃபியேவே தன் சமையலறையில் கூச்சலையும் கெட்ட வார்த்தையையும் குடியையும் தடுத்தவர். நூறு பேருக்குச் சமைக்கும் இடத்தில் பாதி விஷயங்களை நீங்கள் பார்க்கப்போவதில்லை. அடிபிடித்ததை, ஃப்ரிட்ஜ் குளிராததை, நேற்றைய டப்பாவில் வாடை மாறியதை முதலில் பார்ப்பவர் கடைநிலையில் நிற்கும் பையன். அவன் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும். திட்டு விழும் என்று பயந்தால் அடிபிடித்ததைச் சுரண்டிக் கலக்கிவிட்டுப் பேசாமல் நிற்பான். பயந்த சமையலறையிலிருந்து வெளியே போகும் தட்டை நான் நம்பமாட்டேன். சத்தம் கேட்பதற்காகக் குரலை உயர்த்துங்கள், அது வேறு. தவறைப் பற்றிப் பேசுவது பரிமாறி முடித்து, மேடையைத் துடைத்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு.

நின்றுவிட்ட பையனின் எண் உங்களிடம் இருக்கும். நாளைக் காலை வேலை தொடங்குவதற்கு முன் அவனைக் கூப்பிட்டுப் பேசுங்கள். திரும்பி வரச்சொல்வதற்கு முன்பு, இந்த ஐந்து மாதத்தில் அங்கே என்னென்ன சரியில்லை என்று அவனுக்குப் பட்டது என்று கேளுங்கள்.