கடைசியில் போடும் ஹாப்ஸ்: கேள்வி பதில்

பாக்கெட்டைப் பிரித்தால் ஆரஞ்சுத் தோலும் மாம்பழமும் பைன் மரமும் மணக்கிற ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ), பியராகி கிளாஸுக்கு வரும்போது வெறும் கசப்பாக நிற்கிறது. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் இந்த முறை அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை இதைச் சுற்றித்தான். அளவு சொல்லும் இடங்களில் 20 லிட்டர் பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இருப்பது அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில். ஹாப்ஸ் விளைகிற பகுதி என்பதால் சில உதாரணங்கள் இங்கிருந்தே வரும்.

லண்டனிலிருந்து: அண்ணா, கொதி முடிய 60 நிமிடம், 15 நிமிடம், 5 நிமிடம் இருக்கும்போது என்று செய்முறையில் உள்ளபடியே ஹாப்ஸ் போடுகிறேன். கசப்பு சரியாக வருகிறது, வாசனை வரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ஹாப்ஸ் பூவின் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடியாக லுபுலின் இருக்கிறது. அதில் நமக்கு வேண்டியவை இரண்டு: ஆல்ஃபா அமிலமும் வாசனை எண்ணெயும். ஆல்ஃபா அமிலம் கொதிக்கக் கொதிக்க உருமாறிக் கசப்பாகும். அதற்கு நேரம் வேண்டும். 60 நிமிடம் கொதித்தாலும் போட்டதில் கால் பங்கு அளவுக்குத்தான் கசப்பாக மாறுகிறது. 15 நிமிடத்தில் கிடைப்பது அதில் பாதி, 5 நிமிடத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

எண்ணெய்க்கு நேர் எதிர்க் கணக்கு. பெரும்பாலான அமெரிக்க ஹாப்ஸில் அதிகம் இருப்பது மிர்சீன். அதன் கொதிநிலை 167 டிகிரி என்று பார்த்து, 100 டிகிரியில் பத்திரமாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆவி மேலே போகும்போது அதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். காய்ச்சும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அத்தனையும் உங்கள் பியரிலிருந்து வெளியேறியதுதான். லினலூல், ஜெரானியோல் போன்றவை தண்ணீரில் கொஞ்சம் கரைவதால் ஓரளவு தங்கும். ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட்டுக் கொத்தமல்லி தூவுகிறோம் அல்லவா, காரணம் அதேதான்.

என் கருத்தைக் கேட்டால், 5 நிமிட ஹாப்ஸ்தான் இருப்பதிலேயே வீண் செலவு. கசப்பும் கிடைக்காது, மணமும் தங்காது. 15, 5 இரண்டையும் சேர்த்து, அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறக்கிய பிறகு போடுங்கள். குறையும் கசப்பை 60 நிமிட ஹாப்ஸில் சில கிராம் கூட்டி ஈடுகட்டலாம்.

நியூ ஜெர்சியிலிருந்து: அப்படித்தான் செய்தேன். அடுப்பை அணைத்ததும் 50 கிராம் சிட்ரா ரக ஹாப்ஸ் போட்டு அரை மணி நேரம் மூடி வைத்தேன். வாசனை வந்தது, ஆனால் குடிக்க முடியாத கசப்பு!

அணைத்த உடனே போட்டீர்கள், அங்கேதான் விஷயம். அடுப்பு அணைந்தாலும் வோர்ட், அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறு, 95 டிகிரிக்கு மேல் வெகுநேரம் நிற்கும், மூடிவிட்டால் இன்னும் நேரம் பிடிக்கும். அந்தச் சூட்டில் ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாறிக்கொண்டேதான் இருக்கும். சிட்ராவில் ஆல்ஃபா 12 சதவீதம் போல இருப்பதால், 50 கிராமிலிருந்து 20 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு) கூடுதலாக வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

80 டிகிரிக்குக் கீழே போனால் இந்த மாற்றம் மிகவும் மெதுவாகிவிடும். அதனால் முதலில் குளிர்விக்கும் சுருளைச் சில நிமிடம் ஓட்டி 80-க்கு இறக்குங்கள். தண்ணீரை நிறுத்துங்கள், ஹாப்ஸைப் போடுங்கள், 20 நிமிடம் விடுங்கள், அவ்வப்போது மெல்லக் கிளறுங்கள். அப்புறம் முழுதாகக் குளிர்வியுங்கள். ஹாப்ஸ் போட்ட பிறகு மூடி வைப்பது நல்லது, எண்ணெய் உள்ளேயே நிற்கும். கொதிக்கும்போது மட்டும் மூடவே கூடாது. வெளிர் மால்ட்டிலிருந்து வரும் டிஎம்எஸ் என்ற கந்தகப் பொருள் ஆவியோடு வெளியேற வேண்டும். மூடினால் வேகவைத்த மக்காச்சோள வாடை வரும்.

பிரிஸ்பேனிலிருந்து: இங்கே கோடையில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு. குளிர்விக்காமல், சூடான வோர்ட்டை அப்படியே பிளாஸ்டிக் கியூபில் (கேனில்) ஊற்றி மூடிவிடுகிறேன். எனக்கு என்ன வழி?

ஆஸ்திரேலியாவில் பலரும் கடைப்பிடிக்கும் நல்ல முறை அது. கியூப் மணிக்கணக்கில் சூடாக இருப்பதால் உங்கள் 5 நிமிட ஹாப்ஸ் 20 நிமிட ஹாப்ஸ் போல நடந்துகொள்ளும். ஆகவே 20 நிமிடத்தில் போடச் சொல்வதை அணைக்கும்போது போடுங்கள். கடைசி ஹாப்ஸைக் கியூபுக்குள்ளேயே போட்டு அதன் மேல் வோர்ட்டை ஊற்றலாம். மூடிய பாத்திரம், மணம் தப்ப வழியில்லை. கசப்பு கூடும் என்பதால் 60 நிமிட ஹாப்ஸைத் தாராளமாகக் குறைத்துவிடுங்கள்.

டென்வரிலிருந்து: உயரமான ஊர் என்பதால் ஏதாவது மாறுமா?

மாறும். அங்கே 95 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும், அதனால் கசப்பு குறைவாக வரும். ஆரம்ப ஹாப்ஸைக் கொஞ்சம் கூட்டுங்கள். 80 டிகிரி கணக்கில் மாற்றமில்லை.

டொராண்டோவிலிருந்து: டிரை ஹாப், அதாவது காய்ச்சி ஆறிய பிறகு பியரிலேயே ஹாப்ஸ் போடுவது, எத்தனை நாள், எவ்வளவு? 300 கிராம் போட்டு ஒரு வாரம் விட்டேன், புல் வாடை அடிக்கிறது.

இரண்டும் அதிகம். பெல்லட் (பொடித்து அழுத்திய ஹாப்ஸ்) குளிர்ந்த பியரிலேயே வேகமாகக் கரைந்து தன் எண்ணெயைக் கொடுத்துவிடும். இரண்டு மூன்று நாள் போதும். அதற்கு மேல் இலையும் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனாலும்தான் இறங்கும். அளவைப் பற்றி ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேஸ்கேட் ஹாப்ஸை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2018-ல் வந்தது. லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால் மணம் அதே விகிதத்தில் ஏறவில்லை. சிட்ரஸ் பின்னால் போய் மூலிகை, தேயிலைத் தன்மை முன்னால் வந்தது. உங்கள் பானைக்கு 160 கிராம்தான் உச்சம். நான் 100 கிராமில் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை 80 டிகிரிக் கட்டத்தில் செலவிடச் சொல்வேன். சூட்டில் இறங்கிய மணமும் குளிரில் இறங்கிய மணமும் வேறு வேறு. இரண்டும் சேரும்போதுதான் பியர் நிறைவாக இருக்கும்.

எப்போது போடுவது? நொதித்தல் முடிய, பியரின் அடர்த்தி இன்னும் ஒன்றிரண்டு புள்ளி இறங்க மிச்சமிருக்கும்போது. மூடியைத் திறப்பதால் நுழையும் ஆக்ஸிஜனை ஈஸ்ட் தின்றுவிடும். பொங்கி நுரைக்கும் நேரத்தில் போட்டால் வெளியேறும் வாயு மணத்தையும் இழுத்துப் போகும். ஆனால் ஜெரானியோலை எலுமிச்சை மணமுள்ள சிட்ரோனெல்லோலாக ஈஸ்ட் மாற்றும். அந்தச் சுவை பிடித்தவர்கள் ஒரு பகுதியை முன்கூட்டியே போடலாம்.

மெல்போர்னிலிருந்து: டிரை ஹாப் செய்த பியரின் பாட்டில்கள் இரண்டு வெடித்துவிட்டன. சர்க்கரை அளந்துதான் போட்டேன்.

முதலில் மிச்சமுள்ள பாட்டில்களைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம்.

சர்க்கரை மேல் பழி இல்லை. ஹாப்ஸில் மாவுப் பொருளை உடைக்கும் நொதிகள் உண்டு. சூட்டில் போட்டால் அவை அழியும். டிரை ஹாப்பில் உயிர்ப்போடு இருந்து, ஈஸ்ட் தின்னாமல் விட்ட டெக்ஸ்ட்ரினைச் சர்க்கரையாக வெட்டிக் கொடுக்கும். ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். ஹாப் கிரீப் என்கிறார்கள். பிரிட்டனில் 1893-லேயே பிரௌன், மாரிஸ் இருவரும் இதை எழுதியிருக்கிறார்கள். டிரை ஹாப் முடிந்த பிறகு அடர்த்தி மூன்று நாள் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் மட்டும் பாட்டிலில் ஊற்றுங்கள். வெண்ணெய் வாடை இருந்தால் அது டையசிட்டைல். குளிர்விக்காமல் இன்னும் சில நாள் விட்டால் ஈஸ்டே சுத்தம் செய்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து: முதல் வாரம் அருமை. ஒரு மாதத்தில் நிறம் கருத்து, மணம் போய், அட்டைப்பெட்டி போல ஆகிவிட்டது.

ஆக்ஸிஜன். கடைசி ஹாப்ஸின் மணத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை, கலங்கலான ஐபிஏக்களுக்கு (ஹாப்ஸ் தூக்கலான பியர் வகை) இன்னும் மோசம். கெக் (உலோகப் பீப்பாய்) இருந்தால் கார்பன் டை ஆக்ஸைடால் காற்றைத் துரத்திவிட்டு, குழாய் வழியே மூடியபடியே மாற்றுங்கள். பாட்டில் என்றால் அடியிலிருந்து சலசலப்பில்லாமல் நிரப்பி, மேலே இடைவெளியைக் குறையுங்கள். வாயு ஏறியதும் குளிரில் வையுங்கள், சிங்கப்பூர் வெயிலில் வெளியே ஒரு நாள்கூட வேண்டாம். பிரித்த ஹாப்ஸ் பாக்கெட்டுக்கும் இதே விதி: காற்று நீக்கி மூடி, ஃப்ரீசரில். சீஸ் வாடை அடிக்கும் ஹாப்ஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கடைசியில் போட அது ஆகாது.

டல்லாஸிலிருந்து: கடைசியில் போட எந்த ரகம்?

ஒன்றே ஒன்று என்றால் கேஸ்கேட். இங்கே ஒரெகனில் உருவாகி 1972-ல் வெளிவந்தது; 1980-ல் வந்த சியரா நெவாடா பேல் ஏல் அதை நாடறியச் செய்தது. விலையும் குறைவு. சிட்ரா, மொசைக், நெல்சன் சாவின் எல்லாம் அருமைதான். ஆனால் கேஸ்கேடில் வித்தியாசம் பார்க்கப் பழகிய பிறகு அவற்றுக்குக் காசு கொடுங்கள். லாகருக்கு செக் நாட்டு சாட்ஸ், ஆங்கில பிட்டருக்கு ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ்.

கோயம்புத்தூரிலிருந்து: இதை வீட்டில் செய்து பார்க்கலாமா அண்ணா?

பியர் வேண்டாம் தம்பி. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அமெரிக்காவிலேயே 1978-ல் சட்டம் வந்த பிறகுதான் வீட்டு பியருக்கு மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. ஹாப்ஸ் கிடைத்தால் ஹாப் வாட்டர் போடுங்கள்: 80 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 1 கிராம் ஹாப்ஸ், சில சொட்டு எலுமிச்சைச் சாறு, 15 நிமிடம். வடிகட்டிக் குளிரவைத்து சோடா கலந்தால் ஆல்கஹால் இல்லாத நல்ல பானம்.

சியாட்டிலிலிருந்து: வடிகட்டிய ஹாப்ஸ் சக்கையைத் தோட்டத்தில் போடலாமா? நாய் இருக்கிறது.

கூடவே கூடாது. ஹாப்ஸ் நாய்க்கு விஷம். உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். தின்றுவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

யாக்கிமாவிலிருந்து: கொல்லையில் ஹாப்ஸ் கொடி காய்த்திருக்கிறது. காயவைக்காமல் அப்படியே போடலாமா?

கொடுத்து வைத்தவர் நீங்கள். பச்சைப் பூவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் எடைக்கு ஐந்தாறு மடங்கு வேண்டும். 50 கிராம் பெல்லட்டுக்குப் பதில் 250 முதல் 300 கிராம். பறித்த அன்றே காய்ச்சுங்கள், அடுத்த நாள் வாடிவிடும். துணிப்பையில் தளர்வாகக் கட்டி 80 டிகிரியில் இறக்குங்கள். பூ நிறைய வோர்ட்டைக் குடித்துவிடும், ஒன்றிரண்டு லிட்டர் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கொல்லைப் பூவின் ஆல்ஃபா எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் 60 நிமிடக் கசப்புக்கு மட்டும் அளவு அச்சிட்ட கடைப் பாக்கெட்டைப் பிரியுங்கள்.