லயத்துப் பேச்சும் வரைபடமும்: கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வாழ்ந்த முதியவர்களின் நேர்காணல்களைக் கணினி வரைபடத்தோடு இணைக்க முனைந்திருப்பவர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

பல்கலைக்கழக மாணவி: ஐயா, பன்னிரண்டு பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்கிவிட்டேன். அவரவர் வீட்டின்மேல் ஒரு புள்ளி வைத்து, அதைத் தொட்டால் முழு நேர்காணலும் திறக்கும்படி செய்தால் போதுமா?

போதாது. அவர்கள் இன்று குடியிருப்பது தாமானில், அதாவது புதிய குடியிருப்புப் பகுதியில். பேசுவதோ காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையையும், ஆற்றோரத்து முனியாண்டி கோயிலையும் பற்றி. ஆகவே வரைபடத்தோடு இணைய வேண்டியது ஆள் அன்று, பேச்சின் துண்டு. ஓர் அட்டவணையில் பேச்சுத் துண்டுகளை எழுதுங்கள்: துண்டின் எண், ஒலிப்பதிவில் அது தொடங்கும் நிமிடம், சொன்னவரின் சொற்கள் சற்றும் மாறாமல். இன்னோர் அட்டவணையில் இடங்கள்: மக்கள் வழங்கும் பெயர், அரசு ஏட்டில் உள்ள பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை. ஒரே துண்டில் மூன்று இடங்கள் வரும், ஓரிடத்தைப் பற்றி ஒன்பது பேர் பேசியிருப்பார்கள் என்பதால், எந்தத் துண்டு எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதை மட்டும் சொல்லும் மூன்றாவது அட்டவணையும் வேண்டும். இவற்றை யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்கத்தில் சிஎஸ்வி (எளிய அட்டவணைக்) கோப்புகளாகச் சேமித்தால், இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் (QGIS) என்னும் வரைபட மென்பொருள் தமிழ் எழுத்தைச் சிதைக்காமல் திறக்கும்.

இட அட்டவணையில் காலத்துக்கும் ஒரு நெடுவரிசையை ஒதுக்குங்கள். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அறிவிக்கப்பட்டு 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், சிதறிக் கிடந்த லயங்கள் பல ஓரிடத்தில் கூட்டப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. அதற்கு முன் பிறந்தவர் சொல்லும் "மேட்டு லயமும்" பின் பிறந்தவர் சொல்லும் "மேட்டு லயமும்" வெவ்வேறு மேடுகளாக இருக்கலாம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: எங்கள் தோட்டம் முழுவதும் இன்று செம்பனைக் காடு. இல்லாத லயத்தை எங்கே குறிப்பது?

பழைய நில அளவை வரைபடத்தை வருடி (ஸ்கேன் செய்து), கியூஜிஐஎஸ்ஸில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தலாம். ரயில் பாதை, பாலம், சாலைச் சந்திப்பு போன்று இடம் மாறாதவற்றைப் பொருத்தும் புள்ளிகளாகக் கொள்ளுங்கள். ஆற்றின் வளைவை நம்ப வேண்டாம், ஆறு நகரும். பழைய மலாயா வரைபடங்கள் கெர்டாவ் (Kertau) என்னும் உள்ளூர் அளவீட்டு அடிப்படையில் வரையப்பட்டவை, கைப்பேசி காட்டுவது டபிள்யூஜிஎஸ் 84 என்னும் உலகளாவிய அடிப்படையில். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பழைய எண்களை அப்படியே இட்டால், புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் தள்ளி விழுந்து, லயம் துரை பங்களாவின் தோட்டத்தில் போய் நிற்கும்.

அதைவிட நம்பகமான வழி, பெரியவரோடு சேர்ந்து நடப்பது. நான் உடன் நடந்த ஒரு பாட்டி, காய்ந்த செம்பனை மட்டைகளைக் காலால் ஒதுக்கி, கிணற்றின் சிமெண்டு விளிம்பைக் காட்டினார். அங்கிருந்து இருபது அடி எண்ணி நடந்து, "இதுதான் எங்க அடுப்படி" என்றார். எந்த வரைபடமும் எனக்கு அதைத் தந்ததில்லை. இப்படி நேரில் காட்டிய இடத்தைப் புள்ளியாகவும், "ஆத்துக்கு அந்தப் பக்கம்" என்று மட்டும் சொன்ன இடத்தை ஒரு பரப்பாகவும் வரையுங்கள். உறுதியில்லாததைப் புள்ளியாக்குவது, அவர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பதாகும்.

இளைஞர் மன்ற உறுப்பினர்: கைப்பேசியின் இடங்காட்டி துல்லியமானதா?

திறந்த வானத்தின் கீழ் ஏறத்தாழ 5 மீட்டருக்குள் காட்டும். மரங்களுக்கு அடியில் பிழை கூடும். ஓரிரு நிமிடம் நின்று பிறகு குறியுங்கள்.

அதே மாணவி: புள்ளிகள் மிகுந்த இடமே மக்களுக்கு முக்கியமான இடம் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ஒரே தோட்டப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்றால் அங்கே புள்ளிகள் குவியத்தான் செய்யும். ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை, குரல் தழுதழுக்கச் சொன்ன இடுகாடு வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியாகத்தான் தெரியும்.

கோயில் செயலவை உறுப்பினர்: சண்டை, சாதி, கள்ளுக்கடை பற்றியெல்லாம் பேசியிருக்கிறார்கள். பெயரை நீக்கிவிட்டால் போதுமல்லவா?

இதில் நானே தவறியிருக்கிறேன். பெயரை நீக்கிவிட்டு, வீட்டின் புள்ளியை விட்டுவைத்தேன். லயத்தின் கடைசி வீடு அது. ஊரில் யாருக்கும் பெயர் தேவைப்படவில்லை. அந்தப் பெரியவர் அதன்பின் என்னோடு பேசவே இல்லை, அந்த வருத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கங்களோடு நிறுத்தினால் இடம் ஏறத்தாழ 110 மீட்டர் அளவுக்கு மங்கும் என்பது கணக்கு. நகரத்தில் அது ஒருவரை மறைக்கலாம், தோட்டத்தில் மறைக்காது. எனவே இத்தகைய துண்டுகளைத் தோட்டத்தின் பெயரோடு மட்டும் இணைத்து, துல்லியமான படியைத் தனியே பூட்டி வையுங்கள். குரலுக்கும் சொல்லுக்கும் இடத்துக்கும் தனித்தனியே சம்மதம் கேளுங்கள். குரலைத் தருபவர் இடத்தைத் தர மறுக்கலாம்.

வெளியிடுமுன் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, கோயில் மண்டபத்தில் விரித்து, பெரியவர்கள் கையில் பென்சிலைக் கொடுங்கள். இடப்பெயர்களைத் தமிழில், கண்ணாடி இல்லாமலும் படிக்கும் அளவில் அச்சிடுங்கள். அவர்கள் அடித்துத் திருத்தியதை அன்று இரவே அட்டவணையில் ஏற்றிவிடுங்கள்.