நத்தைக்குள் நிறம் இல்லை

கேள்வி: ரோம அரசர்களின் ஊதா உடைக்குச் சாயம் கடல் நத்தையிலிருந்து வந்ததாமே? நத்தையை நசுக்கித் துணியில் தேய்த்தால் போதுமா? ஏன் அவ்வளவு விலை?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: தேய்த்தாலும் பிடிக்கும். மெக்சிகோவின் ஓஹாகா கடற்கரையில் சாயக்காரர்கள் பாறையிலிருந்து நத்தையை எடுத்து, அது கக்கும் பாலை நூல் கழியில் (நூல் சுருளில்) நேரே தடவிவிட்டு, உயிரோடு திரும்ப வைத்துவிடுவார்கள். ரோமர் காலத்து ஊதாவுக்குப் பேர்போன தீரு, சீதோன் என்ற மத்தியதரைக் கடற்கரை நகரங்களில் செய்தது வேறு.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடிருக்கும் நத்தைக்குள் ஊதாவே கிடையாது! அங்கே சாயத்துக்குப் பிடித்த முள் சங்கு நத்தைகளின் உடம்பில் இருக்கும் சின்னச் சுரப்பியைக் கீறினால் வெளிறிய கோழைதான் வரும். காற்றும் வெயிலும் பட்டபின் மஞ்சள், பச்சை என்று மாறி மாறி ஊதாவில் வந்து நிற்கும். நான் பத்து வருடம் அவுரித் தொட்டியில், அதாவது அவுரிச் செடியின் நீலச் சாயத்தில், நூல் முக்கியவள். மஞ்சள் பச்சையாக வெளியே வரும் கழி, பிழிந்து உதறுவதற்குள் கண்ணெதிரே நீலமாகும். எத்தனை தடவை பார்த்தாலும் என் கை ஒரு நொடி நின்றுவிடும். இரண்டும் ஒரே குடும்பம்தான். அவுரி நீலத்தின் மூலக்கூறில் இரண்டு புரோமின் அணுக்கள் சேர்ந்தால் நத்தை ஊதா. 1909இல் இதைக் கண்டறிந்த வேதியியலாளர் பால் ஃப்ரீட்லேண்டருக்கு 12,000 நத்தைகளிலிருந்து கிடைத்தது 1.4 கிராம் சாயம்.

சரி, ஊதாவான பிறகு அது தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் இறங்காது. ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கும் முறை இது: சுரப்பிகளை உப்புப் போட்டு மூன்று நாள் ஊறவைத்து, பிறகு மிதமான சூட்டிலேயே வைத்திருந்து, பத்தாம் நாள் வாக்கில் கொஞ்சம் கம்பளியை முக்கிப் பார்ப்பார்கள். அழுகும் சதையில் பெருகும் பாக்டீரியாதான் சாயத்தைக் கரைய வைக்கிறது என்று இன்று விளக்குகிறார்கள். அவுரித் தொட்டியைப் புளிக்க வைப்பதும் இதற்காகத்தான். புளித்த அவுரியே மூக்கைப் பிடிக்க வைக்கும், அழுகிய நத்தையின் பக்கத்தில் பத்து நாள் நின்றவர்களை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

உறைந்த ரத்தத்தின் நிறம்தான் உயர்ந்த ரகம். பார்த்தவுடன் கருப்பாகத் தெரியும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மின்னும்.

விலைக்கு வருகிறேன். கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலைப்பட்டியலில் ஊதாச் சாயமிட்ட பட்டு ஒரு ராத்தல் 1,50,000 தினாரியம். அதே பட்டியலில் பண்ணைக் கூலியாளுக்குச் சாப்பாடு போக ஒரு நாளைக்கு 25. கணக்குப் போட்டால் 6,000 நாள் கூலி.