ஹட்னரின் பதக்கம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கொரியப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானி தாமஸ் ஹட்னர் பெற்ற பதக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். விழுந்த நண்பரை மீட்க, நன்றாகப் பறந்துகொண்டிருந்த தன் விமானத்தையும் வேண்டுமென்றே தரையில் மோதினார். நண்பர் பிழைக்கவில்லை. விமானமும் போயிற்று. இதற்கா நாட்டின் மிக உயர்ந்த பதக்கம்? அவசரத்தை வீரம் என்கிறோமோ?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

எல்லா விமானிகளும் இப்படி இறங்கினால் கப்பலில் விமானம் மிஞ்சாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் போடுவது முடிவு தெரிந்த பிறகு போடும் கணக்கு. 1950 டிசம்பர் 4 பிற்பகலில், வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தருகே வட்டமிட்ட ஹட்னர் கண்டது இவ்வளவுதான்: பனியில் நண்பர் ஜெஸ்ஸி பிரவுனின் கோர்செயர் போர்விமானம் கிடக்கிறது. பிரவுன் கையசைக்கிறார், வெளியே வரவில்லை. முன்பக்கம் புகைகிறது.

பிரவுனுக்குத் துணையாகப் பக்கத்தில் பறப்பது அன்று ஹட்னரின் வேலை. முன்னால் போனவர் கறுப்பினத்தவர், பின்னால் போனவர் வெள்ளையர். பிரவுனின் ஊரான மிசிசிப்பியின் ஹாட்டிஸ்பர்க்கில் இருவரும் ஒரே உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது.

ஹட்னர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சக்கரங்களை இறக்காமல் மலைச்சரிவில் மோதி இறங்கினார். பிரவுனின் கால் நசுங்கிய விமானத்துக்குள் சிக்கியிருந்தது. தீ பரவாமலிருக்கக் கையால் பனியை அள்ளி அள்ளி எஞ்சின்மேல் போட்டார். ஹெலிகாப்டரில் வந்த சார்லஸ் வார்டு கோடாலி கொண்டுவந்தார். அந்த உலோகத்திடம் கோடாலியின் பாச்சா பலிக்கவில்லை. மனைவி டெய்சியிடம் தன் அன்பைச் சொல்லும்படி கேட்டுக்கொண்ட பிரவுன், பிறகு நினைவிழந்தார். இருட்டினால் ஹெலிகாப்டர் பறக்க முடியாது. அவரை அங்கேயே விட்டுவிட்டுத்தான் ஹட்னர் ஏறினார். நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அந்த ஏறுதலைத்தான்.

தோல்வியை யாரும் மறைக்கவில்லை. அந்த முயற்சி பலனளிக்கவில்லை என்று பதக்கச் சான்றுரையே சொல்கிறது. இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை ஒருவருக்கு உண்டென்றால் அது டெய்சிக்கு. 1951 ஏப்ரல் 13 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் ட்ரூமன் ஹட்னருக்குப் பதக்கம் அணிவித்தபோது அவரும் அங்கே இருந்தார்.

2013-இல், 88 வயதில், பிரவுனின் எச்சங்களைத் தேடி ஹட்னர் வட கொரியா போனார். மழை வெள்ளம், வேறு பருவத்தில் வாருங்கள் என்றார்கள். 2017-இல் அவர் இறந்தார். பிரவுன் இன்னும் அந்த மலையில்தான் இருக்கிறார்.