ஒன்பது வயது வாசகிக்கு என்ன கொடுப்பது?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு 9 வயது. 4 வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தவள். இப்போது 200 பக்கப் புத்தகத்தை ஒரே நாளில் முடித்துவிடுகிறாள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அப்படித்தான். அவள் வயதுக்கென்று வருகிற புத்தகங்களைக் கொடுத்தால், “இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க படிக்கறதும்மா” என்று தள்ளிவிடுகிறாள். போன மாதம் என் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துப் பாதி வரை படித்துவிட்டாள். அதில் ஒரு தாய் நோயில் விழுந்து இறந்துபோகிறாள். அன்று இரவு இவள் தூங்கவே இல்லை, என் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள். ஆனாலும் புத்தகத்தைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறாள். தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். வகுப்பாசிரியை, “பெரியவர்கள் படிப்பதையே கொடுங்கள், தடுக்காதீர்கள்” என்கிறார். என் கணவர், “வயசுக்கு மீறின படிப்பு வேண்டாம்” என்கிறார். இரண்டுமே எனக்குச் சரியாகவும் படுகிறது, தவறாகவும் படுகிறது. அவளுக்கு ஏற்ற புத்தகங்களை எப்படித் தேடுவது? அந்த நாவலை என்ன செய்வது?

ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

“என் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றேன். 200 பக்கத்தை ஒரே நாளில் முடிக்கிறவளும் அவள்தான், இருட்டில் அம்மாவின் கையைத் தேடுகிறவளும் அவள்தான். ஆசிரியை கண்ணில் முதலாமவள் படுகிறாள். உங்கள் கணவர் கண்ணில் இரண்டாமவள் படுகிறாள். புத்தகம் தேடும்போது நீங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தேட வேண்டியிருக்கிறது.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். என் அக்கா மகன் 8 வயதில் எதைக் கொடுத்தாலும் படிப்பான். ஒரு விடுமுறையில் அவனிடம் ஜார்ஜ் ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யைக் கொடுத்தேன். மெலிந்த புத்தகம், சின்னச் சின்ன வாக்கியங்கள், குதிரையும் பன்றியும் பேசுகிற கதை. 1945இல் அது வந்தபோது ‘ஒரு தேவதைக் கதை’ என்றுதான் ஆர்வெலே துணைத்தலைப்பு வைத்திருந்தார். உள்ளே இருக்கிற அரசியல் இவனுக்குப் புரியப் போவதில்லை, வெறும் விலங்குக் கதையாகப் படித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். மத்தியானம் வரை சிரித்துச் சிரித்துப் படித்தான். அப்புறம் சத்தத்தையே காணோம். போய்ப் பார்த்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

பாக்ஸர் என்ற குதிரை உழைத்து உழைத்தே விழுந்துவிடும். வைத்தியத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி ஒரு வண்டி வரும். மற்ற விலங்குகளெல்லாம் சுற்றி நின்று வழியனுப்பும். நன்றாகப் படிக்கத் தெரிந்தும் எதையும் படிக்க விரும்பாத கழுதை ஒன்று உண்டு. வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதை அதுதான் எல்லோருக்கும் கேட்கப் படிக்கும். குதிரைகளை வெட்டுகிறவனின் வண்டி அது. பாக்ஸருக்கோ நாலு எழுத்துக்கு மேல் மண்டையில் ஏறியதில்லை. “மாமா, அதுக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா வண்டியில ஏறியிருக்காதுல்ல?” என்று கேட்டான் என் மருமகன். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தப் புத்தகத்தில் அவனுக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. அரசியல் தெரிந்த நமக்கு அது உருவகம். அதனால் நமக்குக் கொஞ்சம் விலகி நிற்க முடிகிறது. அவனுக்கு அது நிஜமான குதிரை. நம்மைவிட அவனுக்குத்தான் அதிகம் வலித்தது. அன்றைக்கு எனக்கு ஒன்று தெளிவானது. கண் ஓடுகிற தூரத்துக்கு நெஞ்சும் கூடவே ஓடிவிடாது. அதற்கு அந்தப் பிள்ளை அந்தந்த வயதை வாழ்ந்துதான் தீர வேண்டும்.

புத்தகங்களுக்கு வாசிப்பு நிலை என்று எண் போடுகிறார்களே, அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். 1948இல் ருடால்ஃப் ஃபிளெஷ் வகுத்த சூத்திரம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் எத்தனை சொல், ஒரு சொல்லில் எத்தனை அசை என்பதுதான் அதன் கணக்கு. ‘கிழவனும் கடலும்’ எழுதிய ஹெமிங்வேயின் குறுகிய வாக்கியங்கள் அதில் எளிதானவையாகத் தேறிவிடும். அவற்றுக்கு அடியில் கிடக்கிற முதுமையும் தோல்வியும் எந்தச் சூத்திரத்திலும் ஏறாது.

பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் வயதையும் ஒரு வழிகாட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1936இல் டோல்கீனின் ‘ஹாபிட்’ கையெழுத்துப் பிரதி வந்தபோது, பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் 10 வயது மகன் ரேய்னரிடம் கொடுத்து, படித்து எழுதித் தரச் சொன்னார். கூலி ஒரு ஷில்லிங். 5 முதல் 9 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று பையன் எழுதிக் கொடுத்தான். அடுத்த வருடம் புத்தகம் வந்தது. எல்லா வயதினரும் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதே ரேய்னர் வளர்ந்து பதிப்பாளராகி, 1954இல் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வெளிவரவும் காரணமாக இருந்தார். படித்துவிட்டு இது யாருக்கு ஏற்றது என்று சொல்லும் வேலையை உங்கள் மகளிடமும் கொடுத்துப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அவள் மனசு எதைத் தாங்குகிறது, எங்கே திணறுகிறது என்பது உங்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, எதைக் கொடுப்பது? மொழி அவளைவிட ஒரு படி மேலே இருக்கட்டும், விஷயம் அவள் கைக்கு எட்டுவதாக இருக்கட்டும். இந்த இரண்டும் சேர்ந்திருக்கிற புத்தகங்கள் பழைய காலத்தில் நிறைய உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிள்ளைகளுக்கு எழுதியவர்கள் சொல்லைக் குறைத்து, வாக்கியத்தை வெட்டி எழுதவில்லை. லூயிஸ் கரோல் 1862இல் ஒரு படகுப் பயணத்தில் மூன்று சிறுமிகளுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதைதான் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ ஆனது. அவர் கணிதம் கற்பித்தவர். சொல்லை வைத்துப் பிடிவாதமாக வாதாடுகிற அந்தக் கதையை, வேகமாகப் படிக்கிற பிள்ளை நின்று நின்றுதான் படித்தாக வேண்டும். ‘புதையல் தீவு’ 1881இல் தொடங்கியதே, ஸ்டீவன்சன் தன் 13 வயது வளர்ப்பு மகனோடு சேர்ந்து விளையாட்டாக ஒரு தீவின் வரைபடம் போட்டதில்தான். அதிலும் கொலைகள் உண்டு. ஆனால் ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்துகொண்டு சதியைக் கேட்கிற சிறுவனோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோமே, அந்தப் பயம் வேறு. ஒரு பிள்ளை விரும்பித் திரும்பப் போகிற பயம் அது. ஜூல்ஸ் வெர்ன் இவளுக்கு மிகவும் பொருந்துவார் என்று எனக்குப் படுகிறது. ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலில் பக்கம் பக்கமாக மீன்களின் பெயர்கள் வரும், பெரியவர்களே தாண்டிப் போகிற பக்கங்கள். இந்த மாதிரிப் பிள்ளைகள் அதைத்தான் பட்டியல் போட்டு எழுதி வைத்துக்கொள்வார்கள்.

ஒரே ஆசிரியரிடத்திலும் எதை முதலில் கொடுப்பது என்று பார்க்க வேண்டும். ஷெர்லாக் ஹோம்ஸ் நிச்சயம் அவளுக்குப் பிடிக்கும். ஆனால் ‘நால்வர் குறி’ நாவல் ஹோம்ஸ் கையில் கொக்கேய்ன் ஏற்றிக்கொள்வதில்தான் ஆரம்பிக்கிறது. அதற்குப் பதில் 56 சிறுகதைகளிலிருந்து தொடங்குங்கள். ‘சிவப்புத் தலையர் சங்கம்’, ‘நீல மாணிக்கம்’ இரண்டிலும் கொலையே நடக்காது, புத்திக்கு மட்டும்தான் வேலை. மீதியை அவளே ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போகட்டும். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். அதை எழுதியபோது ஆனுக்கு 13 முதல் 15 வயது. அந்த வயதை ஒட்டிப் படிக்கும்போதுதான் ஒரு தோழியின் குரல் அதில் கேட்கும்.

தமிழில் ராஜாஜியின் ‘வியாசர் விருந்து’ கையில் இருக்க வேண்டும். சின்னச் சின்ன அத்தியாயங்கள், நேரான தமிழ். அதில் அபிமன்யு சாகிறான், கர்ணன் சாகிறான். பிறகு எப்படி அதைக் கொடுப்பது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே கதை சொல்கிறவர் ஒருவர் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நடந்ததைச் சொல்லிவிட்டு, நம்மைக் கூட்டிக்கொண்டு அடுத்த கதைக்குப் போகிறார். நாவல் அப்படிச் செய்வதில்லை. அந்தத் தாயின் கட்டில் பக்கத்தில் உங்கள் மகளைத் தனியாக நிற்க வைத்துவிடுகிறது. அவளைத் தூங்க விடாதது சாவு என்ற விஷயம் மட்டுமல்ல, அந்தத் தனிமையும்தான். கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை இன்னும் ஓரிரு வருடத்தில் அவளே எடுப்பாள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்தது, 5 பாகம். வேகமாகப் படிக்கிற பிள்ளைக்கு நீளம் என்பது ஒரு வரம்.

கதைகளிலேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள் என்பதுதான் உங்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பசி அதிகமுள்ள பிள்ளைக்கு உண்மையான தீனி கதைக்கு வெளியே கிடக்கிறது: பறவைகள், நட்சத்திரங்கள், எலும்புகள், பழைய எழுத்துகள், இயந்திரங்கள், வரைபடங்கள். அறிவு எவ்வளவு ஆழமாகப் போனாலும் அது பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்காது. கெடுத்தாலும் சந்தோஷத்தில்தான் கெடுக்கும்.

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகச் சேர்ந்தவர். அங்கே கட்ட வந்த புத்தகங்களை எடுத்துப் படித்தார். ஜேன் மார்செட் எளிமையாக எழுதிய வேதியியல் உரையாடல்களும், கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டன. அவருக்கு ஏற்ற புத்தகம் எது என்று யாரும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை, மேஜைக்கு வந்ததை எல்லாம் திறந்து பார்த்தார். பின்னாளில் அவரே இளம்பிள்ளைகளுக்காகக் கிறிஸ்துமஸ் உரைகள் நிகழ்த்தினார். அவற்றில் ஆறு உரைகள் 1861இல் ‘ஒரு மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு’ என்று புத்தகமாக வந்தன. அதன் முதல் உரையில் வருகிற ஒரு சோதனையை நானும் அக்கா மகனும் செய்து பார்த்தோம். மெழுகுவர்த்தியை மெதுவாக ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கோடு எழும்பும். எரிகிற தீக்குச்சியை அந்தப் புகையில் காட்ட வேண்டும், திரியைத் தொடக்கூடாது. நெருப்பு புகை வழியாகவே கீழே குதித்துத் திரியைப் பற்றிக்கொள்ளும். அன்றைக்கு ஒரு பெட்டித் தீக்குச்சி தீர்ந்துபோனது. எரிவது மெழுகின் ஆவி என்று புத்தகத்தில் படித்தபோது, “தெரியும், பார்த்தேன்” என்றான். நீங்களும் பக்கத்தில் இருந்து செய்து பாருங்கள்.

ஒன்றிரண்டு பழக்கங்கள். அவள் ‘சின்னப் பிள்ளைப் புத்தகம்’ என்று தள்ளுவது, அவளைப் பார்ப்பவர்கள் எல்லாம் “இவ்வளவு பெரிய புத்தகமா!” என்று மெச்சுவதாலும் இருக்கலாம். பக்கக் கணக்கைப் பாராட்டுவதை வீட்டில் நிறுத்திவிடுங்கள். படக்கதையை எடுத்தால் எடுக்கட்டும், படித்ததையே பத்து தடவை படித்தால் படிக்கட்டும். பிடிக்காததைப் பாதியில் வைக்கவும் உரிமை வேண்டும். அப்புறம், அவளுக்குத்தான் படிக்கத் தெரியுமே என்று நீங்கள் வாசித்துக் காட்டுவதை விட்டிருந்தால் மறுபடி ஆரம்பியுங்கள். அவள் கண்ணுக்கு இருக்கிற வேகம் உங்கள் குரலுக்குக் கிடையாது. அவள் தாவிப்போகிற இடத்திலெல்லாம் உங்கள் குரல் நிற்கும். தினமும் பத்து நிமிஷம் போதும். கதை என்ன, நீதி என்ன என்றெல்லாம் கேட்காமல், “எந்த இடத்தை ரெண்டாவது தடவை படிச்சே?” என்று மட்டும் கேளுங்கள்.

உங்கள் அலமாரியைப் பூட்ட வேண்டாம். கீழ்த்தட்டுகளில் இருப்பதை அவள் கேட்காமல் எடுக்கலாம், மேல்தட்டில் இருப்பதை உங்களோடு சேர்ந்து படிக்கலாம் என்று ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எந்தப் புத்தகம் மேலே, எது கீழே என்பதை அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அடுக்குங்கள்.

இனி தலையணைக்கு அடியில் இருக்கிற நாவல். அதைப் பிடுங்காதீர்கள். பயந்தும் அவள் அதை விடாமல் வைத்திருக்கிறாள் என்றால், அந்தத் தாய்க்குப் பிறகு அந்த வீடு என்ன ஆகிறது, பிள்ளைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் அதை மூட முடியவில்லை. இப்போது எடுத்து ஒளித்துவிட்டால், அந்தச் சாவிலேயே அவள் கதை நின்றுபோகும். மிச்சத்தை அவளே மனதுக்குள் எழுதிக்கொள்வாள், அது நாவலைவிடக் கொடுமையாக இருக்கும். நீங்கள் அந்த நாவலைப் படித்து எத்தனை வருடம் ஆகிறதோ தெரியாது. அவள் பள்ளிக்குப் போயிருக்கும்போது அடையாளம் வைத்திருக்கிற பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு தடவை படித்துவிடுங்கள். இரவு அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள். புத்தகத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டால் போதும், இன்னொரு கை அவளிடம் இருக்கட்டும்.

அன்புடன்.