மூட்டை உரத்தை நம்பலாமா?

கேள்வி: கடையில் வாங்கிய மக்கிய உரத்தை இட்ட பிறகு என் தக்காளிச் செடிகளின் கொழுந்து சுருள்கிறது. உரம்தான் காரணமா? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோயும் இப்படித்தான் காட்டும் என்பதால், முதலில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உரத்தில் அம்மோனியா நெடி அடித்தால் அது இன்னும் மக்கவில்லை. ஈரம் காயாமல் நிழலில் வைத்து, அவ்வப்போது கிளறி, சில வாரங்கள் ஆறவிட்டால் சரியாகும். கொழுந்தைச் சுருளவைக்கும் களைக்கொல்லி எச்சமோ மணத்தில் தெரியாது. சில களைக்கொல்லிகள், அவை தெளித்த பயிரின் வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணம் வழியாகவும் உரத்தில் சேர்ந்துவிடும். ஆகவே, ஒரு தொட்டியில் உரமும் தோட்டத்து மண்ணும் சமமாகக் கலந்தும், மற்றொன்றில் வெறும் மண்ணிலும் தட்டைப்பயறு விதைத்து மூன்று வாரம் கவனியுங்கள். உரமிட்டதில் மட்டும் புதிய இலைகள் கிண்ணம்போல் குவிந்து தண்டு முறுக்கிக்கொண்டால், அம்மூட்டையைத் தக்காளி, மிளகாய், அவரைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். ‘இயற்கை உரம்’ என்ற அச்செழுத்து, களைக்கொல்லி எச்சம் இல்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.